ஒரே ஜாக்கி ராபின்சன் கார்டு, மூன்று விற்பனையாளர்கள்: ஆன்லைனில் எதைப் பார்த்து வாங்குவது?

டாப்ஸ் என்பது பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படக் கார்டுகளை வெளியிடும் அமெரிக்க நிறுவனம். அதன் 1956 வரிசையில் 30-ஆம் எண் புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஜாக்கி ராபின்சனுடையது. அவர் ஆடிக்கொண்டிருந்த காலத்தில் வந்த கடைசி டாப்ஸ் கார்டு அதுதான், அந்த சீசன் முடிந்ததும் ஓய்வு பெற்றுவிட்டார். படுக்கைவாட்டில் அச்சான கார்டு. ஒரு பக்கம் பெரிதாக அவர் முகம், பின்னணியில் அவரே ஹோம் பிளேட்டை, அதாவது ஓட்டம் எடுக்கத் தொட வேண்டிய தகட்டை, நோக்கிச் சறுக்கி வருகிற காட்சி. என் கண்ணுக்கு 1950-களில் வந்த கார்டுகளில் இதைவிட அழகானது இல்லை. பல மாதம் தேடிக்கொண்டிருந்தேன். போன மாதம் ஒரே வாரத்தில் மூன்று கண்ணில் பட்டன, விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

முதலாவது, கார்டுகளின் தரத்தைச் சோதித்துப் பத்துக்கு மதிப்பெண் போடும் பிஎஸ்ஏ நிறுவனம் 3 என்று மதிப்பெண் போட்டு பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்த கார்டு, அதாவது ஸ்லாப். இரண்டாவது, பழைய கார்டு மட்டுமே விற்கும் ஒரு டீலர் தானே பார்த்து 'விஜி-எக்ஸ்' என்று தரம் எழுதி, பெட்டியில் அடைக்காமல் வைத்திருந்தது. மூன்றாவது, தாத்தாவின் பெட்டியிலிருந்து எடுத்து விற்கும் ஒரு குடும்பம். கார்டைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது, சமையலறை மேசையில் வைத்து எடுத்த இரண்டு போன் படங்கள்தான் இருந்தன.

இந்த மூன்றில் எதை எடுப்பது என்று யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். பழைய பேஸ்பால் கார்டை ஆன்லைனில் வாங்கும் யாருக்கும் கடைசியில் இந்த மூன்று வழிகள்தான் இருக்கின்றன.

அதற்கு முன்னால் தரத்தின் பெயர்களைப் பற்றிக் கொஞ்சம். புதிதாக வருகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். 'வெரி குட்' என்றால் நல்ல கார்டு என்று நினைத்துவிடுவோம், ஆனால் பத்துக்கு 3 வாங்கிய கார்டுக்குத்தான் அந்தப் பெயர், சுருக்கமாக 'விஜி'. 'குட்' என்றால் 2. 'எக்ஸலண்ட்' என்றால் 5, அதிலேயே மூலைகள் லேசாக மழுங்கியிருக்கும். 'விஜி-எக்ஸ்' என்பது இந்த 3-க்கும் 5-க்கும் நடுவில் இருக்கும் 4. 'நியர் மின்ட்' 7. இந்த அளவுகோல் சேகரிப்பவர்களுக்குப் பழக்கம், வீட்டைக் காலி செய்யும்போது கிடைத்ததை விற்கிறவருக்குப் பழக்கமில்லை. ஈபேயில் பெட்டியில் அடைக்காத கார்டை விற்கப் போடும்போது நியர் மின்ட் அல்லது அதற்கு மேல், எக்ஸலண்ட், வெரி குட், புவர் என்று நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. நாலு மூலையும் ஒட்டிக்கொண்டு, எழுபது வருஷத்துக்கு அப்புறமும் பளிச்சென்று இருக்கும் கார்டைப் பார்த்து ஒருவர் நல்ல எண்ணத்தோடே 'எக்ஸலண்ட்' என்று போட்டுவிடுவார். அதனால் யார் எழுதினார்கள் என்று தெரியாத வரை தரம் என்று எழுதியிருக்கும் இடத்தை நான் படிப்பதே இல்லை, நேரே படத்துக்குப் போய்விடுவேன்.

படங்களிலும் இரண்டு ஜாதி இருக்கிறது. ஸ்கேனரில் வைத்து எடுத்த படத்தில் ஓரங்கள் நேராக இருக்கும், மூலைகளைப் பெரிதாக்கிப் பார்க்கலாம், அச்சு நடுவில் விழுந்திருக்கிறதா என்று அளக்கலாம். ஆனால் மேற்பரப்பில் இருக்கும் மெல்லிய சுருக்கம் ஸ்கேனில் பெரும்பாலும் மறைந்துவிடும், பளபளப்பு போயிருந்தாலும் தெரியாது. போனில் எடுத்த படம் இதற்கு நேர் எதிர். கொஞ்சம் சாய்த்து, ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சம் விழும்படி எடுத்தால் சுருக்கமும் மடிப்பும் கீறலும் அப்படியே எழுந்து நிற்கும், ஆனால் கோணம் மாறியிருப்பதால் பார்டரின் அளவை நம்ப முடியாது. அதனால் விலை அதிகமான கார்டு என்றால் எனக்கு இரண்டும் வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் மற்றதைக் கேட்பேன். கேட்டும் கொடுக்காத இடத்தில் வாங்குவதில்லை.

இந்தச் சுருக்கம் ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், முன்பக்கத்திலிருந்து பார்த்தால் 6 அல்லது 7 போலத் தெரியும் கார்டுகூட, பின்பக்கத்தில் ஒரு சின்ன மடிப்பு இருந்தால் பெரும்பாலும் 4-ஐத் தாண்டாது. மழுங்கிய மூலை எந்தப் படத்திலும் தெரிந்துவிடும். மடிப்பு அப்படி இல்லை, அதைக் காட்ட வேண்டும் என்று நினைத்து எடுத்த படத்தில்தான் தெரியும்.

சென்டரிங் எனப்படும் நடு விழுதலை நீங்களே கணக்குப் போடலாம். திரையில் படத்தைப் பெரிதாக்கி இடது பார்டரையும் வலது பார்டரையும் அளந்து பாருங்கள். இடது 3 மில்லிமீட்டர், வலது 1.5 மில்லிமீட்டர் என்றால் மொத்தம் 4.5, அதில் 3 என்பது ஏறக்குறைய 67 சதவீதம், ஆக 67/33. பிஎஸ்ஏ 8 வாங்க முன்பக்கம் 65/35 அளவிலாவது இருக்க வேண்டும், 9-க்கு 60/40. இது விதி, சரி. ஆனால் நான் 3, 4 மதிப்பெண் கார்டுகள் வாங்குகிறவன், அங்கே இந்த எண்கள் பெரிய விஷயமில்லை. அந்த மட்டத்தில் எந்தக் குறையோடு இருக்க உங்களால் முடியும் என்பதுதான் கேள்வி. மூலை நாலும் உருண்டு, படம் சுத்தமாக நடுவில் இருக்கும் கார்டும் 3. மூலை கூர்மையாக, குறுக்கே ஒரு மடிப்பு ஓடும் கார்டும் 3. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரே மதிப்பெண் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மூலை உருண்டிருப்பது எனக்குப் பரவாயில்லை, முகத்தின் மேல் கோடு போனால் மட்டும் தாங்காது.

சரி, முதல் வழி, ஸ்லாப். இதில் உங்களுக்கு முக்கியமாகக் கிடைப்பது இரண்டு உறுதிகள்: கார்டு அசல், ஓரம் வெட்டப்படவில்லை. பணம் கொடுப்பது இந்த இரண்டுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டால் ஏமாற்றமே வராது. மூலை கூர்மையாகத் தெரிவதற்காக ஓரத்தை மெல்லியதாகச் சீவிவிடும் வேலை இந்தத் துறையில் ரொம்ப காலமாக நடக்கிறது, அதைப் படத்தில் கண்டுபிடிப்பது மிகக் கடினம். ஆனால் பெட்டியும் தெய்வ வாக்கு இல்லை. 1991-இல் பிஎஸ்ஏ முதன்முதலில் மதிப்பெண் போட்ட கார்டே, சிகரெட் பாக்கெட்டோடு வந்த பழைய டி206 வரிசையின் புகழ்பெற்ற ஹோனஸ் வாக்னர் கார்டு, அதற்கு 8 கொடுத்தார்கள். அதை விற்ற ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ, தான் அதன் ஓரத்தை வெட்டியதாக 2013-இல் ஒப்புக்கொண்டார். இன்றைக்குச் சோதனை முறைகள் எவ்வளவோ முன்னேறிவிட்டன, இருந்தாலும் பெட்டிக்குள் இருப்பதால் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று நினைக்கக் கூடாது. பெட்டியின் எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள். போலிப் பெட்டிகளும் உலவுகின்றன, உண்மையான எண்ணையே அவற்றில் அச்சடித்திருப்பார்கள் என்பதால், தளத்தில் படம் இருந்தால் கார்டையும் ஒப்பிட வேண்டும்.

மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் எழுத்துகள் இருக்கிறதா என்றும் பாருங்கள். பிஎஸ்ஏ பெட்டியில் ஓசி என்றால் நடுவில் விழவில்லை, எம்கே என்றால் பேனா அல்லது பென்சில் குறி, எஸ்டி என்றால் கறை. '7 ஓசி' என்ற கார்டை 7 என்று நினைத்து விலை கொடுக்காதீர்கள், சேகரிப்பவர்கள் அதைப் பொதுவாக இரண்டு படி கீழே இறக்கித்தான் பார்ப்பார்கள். எனக்கு நடு விழாதது பிரச்சினை இல்லை என்கிறவருக்கு இதுவே நல்ல வாய்ப்பு. பெக்கெட் என்ற இன்னொரு தர நிறுவனத்தின் பெட்டியில் சென்டரிங், மூலை, ஓரம், மேற்பரப்பு என்று நான்குக்கும் தனித்தனி மதிப்பெண் இருந்தால், குறை எங்கே இருக்கிறது என்று அதுவே சொல்லிவிடும். மற்ற பெட்டிகளில் 3 ஏன் 3 ஆனது என்று நாமேதான் தேட வேண்டும்.

எனக்குக் கிடைத்த பிஎஸ்ஏ 3 அப்படித்தான். முன்பக்க ஸ்கேன் மட்டும் போட்டிருந்தார்கள். மூலைகள் 5-க்கான மூலைகள், நிறம் அருமை. அப்படியானால் 3 ஏன்? பின்பக்கத்தையும் சாய்த்து எடுத்த படத்தையும் கேட்டேன். வலது கீழ் மூலையிலிருந்து தொடங்கி ராபின்சனின் தோள் வரை போகும் மடிப்பு, மை உடைந்து வெள்ளையாகத் தெரிகிறது. முன்பக்க ஸ்கேனில் பெட்டியின் பிளாஸ்டிக் மினுக்கத்தில் அது கரைந்துபோயிருந்தது. விற்றவர் மேல் குறை சொல்ல முடியாது, 3 என்று எழுதியே விற்கிறார். அந்த எண்ணுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்பது வாங்குகிறவர் வேலை.

இரண்டாவது வழி, டீலர். இங்கே நீங்கள் நம்புவது அவருடைய பழக்கத்தை. அவர் விற்கும் மற்ற கார்டுகளில் ஒரு இருபதையாவது திறந்து பாருங்கள். 'விஜி' என்று எழுதியதெல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதா, பின்பக்கப் படம் எல்லாவற்றுக்கும் இருக்கிறதா, 'பின்னால் பசைக் கறை', 'மேலே இடது பக்கம் சுருக்கம்' என்று குறையைத் தனியாக எழுதும் ஆளா, அல்லது எல்லாவற்றுக்கும் 'படத்தைப் பார்த்துக்கொள்ளவும்' என்று ஒரே வரி போடும் ஆளா? பத்து டாலர் கார்டின் குறையைக்கூட உட்கார்ந்து எழுதுகிறவர் முந்நூறு டாலர் கார்டில் மறைக்க மாட்டார் என்பது என் அனுபவம். வருஷக்கணக்கில் இதையே தொழிலாகச் செய்கிறவருக்குத் திரும்பி வரும் கார்டு தலைவலி, அதனால் நல்ல டீலர்கள் தரத்தைக் கொஞ்சம் குறைத்தே எழுதுவார்கள்.

செலவும் இங்கே குறைவு. ஒரு கார்டைப் பெட்டியில் அடைக்கப் போக வர அஞ்சல் செலவோடு இருபது டாலருக்குக் குறையாது. அந்தப் பணம் எப்படியும் வாங்குகிறவர் தலையில்தான் விழும். பதினைந்து டாலர் மதிப்புள்ள ஒரு சாதாரண ஆட்டக்காரர் கார்டை ஸ்லாபில் வாங்குவதில் அர்த்தமே இல்லை. 1956 வரிசையில் எண் போட்ட கார்டுகள் 340. முழுத் தொகுப்பையும் சேர்க்க நினைக்கிறவர் பெரும்பகுதியை டீலர்களிடம்தான் வாங்க முடியும், மாண்டில், ராபின்சன், ஆரன், கிளெமென்டே போன்ற பெரிய நட்சத்திரங்களின் கார்டுகள் சிலவற்றுக்கு மட்டும் பெட்டியைப் பற்றி யோசிக்கலாம்.

மூன்றாவது வழி, வீட்டிலிருந்து விற்கிறவர். இதில்தான் ஆசையும் அதிகம், ஆபத்தும் அதிகம். யாரும் தொடாத பெட்டி என்றால் ஓரம் வெட்டியிருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் 'தாத்தாவின் பெட்டி' என்பதை வெறும் கதையாகச் சொல்லி விற்கிறவர்களும் இருக்கிறார்கள், அதை உறுதி செய்ய வழியில்லை. அந்த இரண்டு படங்களும் மஞ்சள் விளக்கில், ஆல்பத்தின் பிளாஸ்டிக் தாளுக்குள்ளேயே வைத்து எடுத்தவை. பின்பக்கம் பழுப்பாகத் தெரிந்தது. 1956 வரிசையின் முதல் 180 எண்கள் வெள்ளைப் பின்பக்கத்திலும் சாம்பல் நிறப் பின்பக்கத்திலும் அச்சாகியிருக்கின்றன, ஆகவே இது சாம்பல் நிறக் கார்டா, வெள்ளை நிறக் கார்டில் ஏறிய பழுப்பா, அல்லது வெறும் விளக்கு வெளிச்சமா என்று சொல்லவே முடியவில்லை. அந்தக் காலத்துப் பையன்கள் அடுக்கி ரப்பர் பேண்டு போட்டு வைத்த கார்டுகளில் ஓரத்தின் நடுவில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும், அதையும் ஆல்பத் தாள் மறைத்துவிடும். (1952 டாப்ஸின் முதல் கார்டான ஆண்டி பாஃப்கோ நல்ல நிலையில் கிடைக்காமல் போனதற்கு இந்த ரப்பர் பேண்டைத்தான் காரணம் சொல்வார்கள். அடுக்கில் மேலே இருந்து அடி வாங்கியது அதுதான்.)

இந்த மாதிரி விற்பனையாளரிடம் நான் கேட்பது நான்குதான். தாளிலிருந்து வெளியே எடுத்து, பகல் வெளிச்சத்தில் ஜன்னல் பக்கத்தில் வைத்து முன்னும் பின்னும் ஒவ்வொரு படம். பக்கவாட்டு வெளிச்சத்தில் சாய்த்து ஒரு படம். அதே வருஷத்தின் வேறொரு கார்டை அடியில் வைத்து, ஓரங்கள் பொருந்துகிறதா என்று ஒரு படம். கடைசியாகப் பெயர் எழுதிய இடத்தை மிக அருகில் ஒரு படம். அந்த நாள் அச்சில் முகமும் பின்னணியும் புள்ளிகளாக இருக்கும், கறுப்பு எழுத்து முழுக் கறுப்பாக இருக்கும். கார்டைப் படம் பிடித்து மறுபடி அச்சடித்த போலியில் எழுத்தும் புள்ளிப் புள்ளியாக உடைந்திருக்கும். அளவும் உதவும். 1952 முதல் 1956 வரை டாப்ஸ் கார்டு 2⅝ அங்குலத்துக்கு 3¾ அங்குலம், 1957-இலிருந்துதான் இன்றைய 2½-க்கு 3½. டாப்ஸே 1983-இல் 1952 வரிசையை மறுபதிப்பாக வெளியிட்டது, அது இந்தச் சின்ன அளவில்தான் இருக்கும், பின்னால் மறுபதிப்பு என்றும் எழுதியிருக்கும். ஆனாலும் முன்பக்கத்தை மட்டும் படம் எடுத்துப் போட்டால் நம்பிவிடத் தோன்றும்.

இன்னொன்று, எந்தக் கார்டுக்கு எந்த வழி என்பது வரிசைக்கு வரிசை மாறும். 1971 டாப்ஸின் பார்டர் முழுக்கக் கறுப்பு, லேசாக உரசினாலே ஓரத்தில் வெள்ளை தெரியும். அதை மறைக்க மார்க்கர் பேனாவால் பூசிவிடுவார்கள். அந்த வருஷத்துத் தர்மன் மன்சன் கார்டு ஒன்றை நான் அப்படி வாங்கியிருக்கிறேன். ஸ்கேனில் ஓரம் கன்னங்கரேல் என்று இருந்தது, கையில் வந்ததும் விளக்கடியில் திருப்பினால் பார்டரின் கறுப்பு ஒரு மாதிரியும் ஓரத்தின் கறுப்பு ஊதா கலந்தும் தெரிகிறது. திருப்பிக் கேட்டதற்கு, படத்தில் இருப்பதைத்தானே அனுப்பினேன் என்றார். வாங்கி இரண்டு மாதம் கழித்துத்தான் கவனித்தேன், ஈபேயில் முறையிட இருந்த 30 நாளும் போய்விட்டது. அதிலிருந்து 1971 வரிசையில் ஓரம் சுத்தமாக இருக்கும் கார்டு என்றால் ஸ்லாபில் மட்டுமே வாங்குகிறேன், ஓரம் உதிர்ந்த கார்டு என்றால் டீலரிடம் நிம்மதியாக வாங்குகிறேன். உதிர்ந்திருப்பதே யாரும் கை வைக்கவில்லை என்பதற்குச் சாட்சி. 1953 டாப்ஸில் அடியில் இருக்கும் பெயர்ப் பெட்டி, போமன் என்ற இன்னொரு நிறுவனத்தின் 1955 கார்டுகளில் மரச்சட்டம் போன்ற பழுப்பு பார்டர், 1962 டாப்ஸின் மர நிறம் எல்லாவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

1963 பீட் ரோஸின் அறிமுகக் கார்டை ஸ்லாபில் அல்லாமல் வாங்காதீர்கள், 1980-களிலிருந்தே அதன் போலிகள் உலவுகின்றன. 1952 டாப்ஸ் மிக்கி மாண்டில் கார்டு பற்றிச் சொல்லவே வேண்டாம். 2022-இல், எஸ்ஜிசி என்ற தர நிறுவனத்திடம் 9.5 மதிப்பெண் வாங்கிய ஒன்று 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அந்த அளவு பணம் புரளும் கார்டில் எந்தக் கைவேலையும் நடக்கும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டி206, 1933 கௌடி போன்ற வரிசைகளில் முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். ஆல்பத்தில் ஒட்டிப் பிய்த்த கார்டுகள் நிறைய, காகிதம் உரிந்திருக்கும். முன்பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் மதிப்பெண் 1 அல்லது 2-தான் வரும். அதனாலேயே அந்தக் கால நட்சத்திரம் பேப் ரூத் கார்டு ஒன்று வேண்டும், பின்பக்கம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்கிறவருக்கு அங்கே ஒரு வழி திறக்கிறது. போருக்கு முந்தைய இந்தக் கார்டுகள் கையில் வந்ததும் புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள். காகிதம் நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் அது பிற்காலக் காகிதம்.

ராபின்சனுக்கு வருகிறேன். மடிப்பு தோள் வரை போனதால் ஸ்லாபை விட்டுவிட்டேன். வீட்டிலிருந்து விற்றவர்களுக்கு என்ன மாதிரி படங்கள் வேண்டும் என்று விவரமாக எழுதினேன். இரண்டு நாளில் பகல் வெளிச்சத்தில் எடுத்து அனுப்பினார்கள். அசல் கார்டு என்றுதான் எனக்குத் தோன்றியது, சாம்பல் நிறப் பின்பக்கம், ஆனால் மேல் ஓரத்தில் ரப்பர் பேண்டு பள்ளம், முகத்துக்கு நேரே பசைக் கறை. இந்த நிலைக்கு விலை அதிகம் என்று சொல்லி, இதே படங்களோடு மறுபடி போடுங்கள், சரியான ஆள் கிடைப்பார் என்று எழுதினேன். அந்தப் படங்களோடு இப்போது விலை குறைத்துப் போட்டிருக்கிறார்கள்.

டீலரின் கார்டில் மூலைகள் கொஞ்சம் உருண்டவை, சென்டரிங் 70/30 இருக்கும். சாய்த்து ஒரு படம் கேட்டேன். மறுநாள் பதில் வந்தது: பின்பக்கம் இடது மேல் மூலையில் அரை அங்குலச் சுருக்கம் இருக்கிறது, முதலில் கவனிக்கவில்லை, முன்பக்கம் தெரியாது, தரத்தை 'விஜி' ஆக மாற்றிவிட்டேன், விலையும் குறைத்துவிட்டேன். படமும் அனுப்பியிருந்தார். அன்றே வாங்கிவிட்டேன்.

ஆறு நாளில் வந்து சேர்ந்தது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, பென்னி ஸ்லீவ் எனப்படும் மெல்லிய பிளாஸ்டிக் உறையிலிருந்து வெளியே எடுத்து, மேசை விளக்கைப் பக்கவாட்டில் வைத்துத் திருப்பிப் பார்த்தேன். அவர் சொன்ன இடத்தில் சொன்ன நீளத்தில் சுருக்கம் இருந்தது, வேறு எங்கும் இல்லை. என்னிடமிருந்த இன்னொரு 1956 கார்டின் மேல் வைத்தால் நான்கு ஓரமும் பொருந்துகிறது. முகத்தின் மேல் ஒரு கோடும் இல்லை.